டிஸ்கில் ஏறாத மகள்

தராசுக்காரர் தம் வீட்டுப் பழைய வீடியோ கேசட்டுகளிலிருந்து வெட்டி நீக்கிய மகள், கேசட்டுகள் எரிக்கப்பட்டதற்கு மறுநாள் காலையில், நான்கு வயதுக் குழந்தையாக வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கூடத்தில் சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் முழங்காலுக்கு வலப்பக்கத்தில், காற்றில், இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி ஆரஞ்சு நிற எண்களில் எரிந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் அந்த மகளுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு மணி நேர பஸ் பயணத்திலிருந்த இன்னோர் ஊரில் கணவனோடு மளிகைக் கடை நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டுமே உண்மைதான். ஒன்றுக்கு மற்றது இடைஞ்சலாக இருக்கவில்லை.

தராசுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அரசாங்கத்தில் எடை அளவுகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் கடைத்தெருவில் கால் வைத்தால் தராசு முள்ளெல்லாம் தானாகவே நடுவில் வந்து நிற்கும் என்பார்கள். வெல்வெட் பதித்த பெட்டியில் பித்தளை எடைக்கற்களைக் கொண்டுபோய், கடைக்காரர்களின் கற்களை ஒவ்வொன்றாக எதிர்த்தட்டில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை. குறைந்திருந்தால் கடைக்காரன் கண்ணெதிரிலேயே சம்மட்டியால் அடித்து உருத்தெரியாமல் ஆக்கிவிடுவார். கழித்த கல் மறுபடி தட்டில் ஏறக் கூடாது என்பது சட்டம். சட்டம் சொல்லாவிட்டாலும் அவர் அப்படித்தான் செய்திருப்பார். அழுத கடைக்காரர்கள் உண்டு, காலைப் பிடித்தவர்களும் உண்டு. எவருக்காகவும் அவர் கை தயங்கியதில்லை. முதுகெலும்பு வளைவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல என்பதை இந்தத் தெருவில் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மகள், ஐந்து வயது இளையவன் மகன். மகள் பத்தொன்பது வயதில், சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவனைத் தானே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். ஒளிந்து ஓடவில்லை. முந்தின வாரமே தகப்பன் எதிரில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். ஓடியிருந்தால் ஏமாந்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதியையும் அவள் அவருக்கு விட்டுவைக்கவில்லை. அவர் அவளைத் தலைமுழுகினார். சுவரிலிருந்த படங்கள் இறங்கின, அவள் கட்டில் கழற்றி விற்கப்பட்டது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒற்றை விரலைக் காட்டினார். மத்தியானம் அவர் நூலகத்துக்குப் போகிற நேரம் பார்த்து மகள் அம்மாவுக்குப் போன் செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாததுதான் பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளுக்குக் காட்டிய ஒரே சலுகை.

மகனுக்கு ஒரு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்தபோதுதான் கேசட்டுகளின் பேச்சு எழுந்தது. பெண்ணின் தகப்பனார் பல் டாக்டர், பெயரெடுத்தவர். மாப்பிள்ளையின் பால் பல் வரிசையைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை உடம்பைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர். சின்ன வயது வீடியோ ஏதாவது இருந்தால் டிஸ்கில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். இருந்தது. தராசுக்காரரின் அக்கா வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த வீடியோ கேமராவில், மகளுக்கு நான்கு வயதிலிருந்து பதினேழு வயது வரை தராசுக்காரரே தம் கையால் எடுத்த கேசட்டுகள் பீரோவின் மேல்தட்டில் ஒரு ஷூ பெட்டியில் கிடந்தன. ஒரே பிள்ளை என்று பல் டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. கேசட்டுகளோ இரண்டு பிள்ளைகளைச் சொல்லும். ஆகவே ஒருத்தியை எடுத்துவிட்டுத்தான் டிஸ்க் போட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது, "பத்திரமா கொண்டு வாங்க, அதுல எல்லாம் இருக்கு" என்று மட்டும் அந்த அம்மாள் சொன்னாள்.

கேசட்டை டிஸ்காக மாற்றுகிறவரின் கடை ஒரு மாடியில், தையல் வகுப்புக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் நடுவே இருந்தது. எந்தக் கதையைக் கேட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பவர் என்பதால் அவரை எல்லோரும் ரீவைண்ட் என்று அழைத்தார்கள். முதலில் கேசட் வாடகைக்கு விட்டார், பிறகு கல்யாணங்களை வீடியோ எடுத்தார், கடைசியில் எல்லோருடைய பரணிலும் கிடப்பதை டிஸ்கில் ஏற்றும் வேலைக்கு வந்து சேர்ந்தார். இந்த வேலையில் அவசரம் செல்லாது. கேசட் ஓடுகிற நேரம் முழுக்க ஓடியாக வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஒரு குழந்தை குளிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. விட்டுவிட்டுப் போங்கள், நானே பார்த்து வெட்டிவிடுகிறேன் என்றார் ரீவைண்ட். வீட்டுப் பெண்ணை வெளியாள் எடைபோடக் கூடாது என்று சொல்லித் தராசுக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் திரையில் வந்தால் அவர் விரலைத் தூக்குவார், உடனே ரீவைண்ட் பதிவை நிறுத்துவார். அவள் போனதும் விரல் இறங்கும், பதிவு தொடரும். ஏற்பாடு இதுதான்.

விரல் இறங்கவே இல்லை.

முதல் கேசட் முழுக்க அவள். இரண்டாவதிலும் அவள். மூன்றாவதில் மகன் பிறந்து தொட்டிலில் கிடந்தான். கேமரா அவனை ஒரு மூச்சு நேரம் பார்த்துவிட்டு, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த அவளிடம் திரும்பிவிட்டது. அவள் பல் விழுந்த அன்று, அவள் முதல்முதலாகக் கண்ணாடி போட்ட அன்று, அவள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாதியில் மறந்து உதட்டைக் கடித்த அன்று, ஒன்றுமே நடக்காத அநேக நாட்களில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் கடித்தது. எடுத்தவர் அவரே. ஆனால் எதை எடுத்தோம் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் முதல்முறையாகப் பார்த்தார். மறுநாள் அவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு விரலைத் தூக்கியபடி இருந்தார். ரீவைண்ட் பொறுக்க முடியாமல், "சார், தப்பா நினைக்காதீங்க. விரலைத் தூக்கினா நிறுத்துறதுக்குப் பதிலா, இறக்கினா நிறுத்தறேனே, உங்க கையாவது பிழைக்கும்" என்றார். தராசுக்காரர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் எது கழிவு, எது சரக்கு என்பது மாறிப்போகும்.

பெட்டி நிறையக் கேசட்டுகளிலிருந்து கடைசியில் ஒரே ஒரு டிஸ்க் வந்தது, அதுவும் நிறையவில்லை. புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் நெடுநேரம் அதில் இருந்தது. கேமராவை நிறுத்த மறந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்ததால் பதிவான தரையும் அவருடைய ஷூக்களும் இருந்தன. மகனின் முதுகு இருந்தது. மழைபெய்த ஒரு மொட்டைமாடி இருந்தது. அங்கிருந்து அவள் அப்போதுதான் ஓடிப்போயிருந்தாள். ஈரக் காலடிகள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. காலடிக்கு விரல் தூக்க வேண்டுமா என்று அவர் சற்று யோசித்தார், பிறகு விட்டுவிட்டார்.

டிஸ்கையும் கேசட்டுகளையும் ரீவைண்ட் ஒரே பையில் போட்டு நீட்டினார். தராசுக்காரர் டிஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டார். கழித்த சரக்கு திரும்பிப் போகக் கூடாது என்றார். ரீவைண்ட் அப்போது ஒரு முறை எச்சரித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதையும் முதலிலிருந்துதான் ஆரம்பித்தார். யாரோ ஒருவர் வீட்டுக் கேசட்டைப் பூஞ்சை தின்றது, பிறகு அந்த மனிதர் தம் மாமனாரின் முகத்தையே மறந்துபோனார் என்று சுற்றி வளைத்துச் சொல்லி, "டிஸ்கிலும் இல்லாம, நாடாவிலும் இல்லாம இருந்தா, அது எங்க சார் போகும்? போறதுக்கு ஒரு இடம் வேணாமா?" என்று முடித்தார். தராசுக்காரர் கேசட்டுகளை நோக்கிக் கையைக் காட்டினார். அவர் கண்ணெதிரில் கேசட்டுகள் உடைக்கப்பட்டு, நாடா உருவப்பட்டது. தலைமுடியைப் போல் கறுப்பும் பழுப்புமாக முழங்கால் உயரத்துக்குக் குவிந்த அதைக் கடைக்குப் பின்னால் ஒரு தகர டிரம்மில் போட்டு எரித்தார்கள். அணையும்வரை அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். போவதற்கு வேறு இடம் இல்லாததால் வந்தாள். முதலில் பார்த்தவன் மகன். பனியனோடு கூடத்துக்கு வந்தவன், "அப்பா, அக்கா" என்றான். "உனக்கு அக்கா கிடையாது. போய்ச் சட்டையைப் போடு" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுடைய வழக்கங்களைச் சில நாட்களில் தெரு முழுக்கத் தெரிந்துகொண்டது. காலையில் நான்கு வயது, மத்தியானத்தில் பத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பதினேழு. பிறகு சற்று நேரம் சரசரவென்று வெள்ளைப் புள்ளிகளாக இருப்பாள், அதன்பின் விடியும்வரை இருக்க மாட்டாள். அந்தந்த நாளின் வெளிச்சத்தை அவள் தன்மேல் கொண்டுவந்தாள். வெளியே மேகமூட்டமாக இருந்தாலும் அவள் முகத்தில் ஒரு பழைய வெயில் அடிக்கும். மொட்டைமாடி நேரம் வந்தால் தலை நனைந்திருக்கும், தரை நனையாது. கேமரா பிடித்தவரின் கை லேசாக நடுங்கியதால் அவளும் லேசாக நடுங்கினாள். மின்கணக்கு எடுக்க வந்தவர், ஒரு வீட்டில் நாள் முழுக்க இப்படி ஒன்று ஓடினால் மீட்டர் எகிறுமே என்று கவலைப்பட்டுப் பார்த்தார். ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை அவள் வெயிலில் வந்து படுத்துக்கொண்டது.

அவள் பேசியதெல்லாம் கேசட்டில் பேசியதுதான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது எல்லாமே கேமராவுக்குப் பின்னால் இருந்தவரிடம் பேசியது. அவர் எந்த அறைக்குப் போனாலும், படம் பிடிக்கிற தூரத்தில் வந்து நின்று முகத்தை நிமிர்த்தி அவரைத்தான் பார்த்தாள். அவர் ஷேவ் செய்யும்போது கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் நின்று வாய்ப்பாடு சொன்னாள். "அப்பா, பாருங்க. அப்பா, பார்த்தீங்களா? பார்க்கவே இல்ல நீங்க." அவர் பார்க்கவில்லை. ஒரு மனிதர் தம் சொந்த வீட்டில், தம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையைப் பார்க்காமல் சாப்பிட்டு, தூங்கி, உட்கார்ந்திருப்பது லேசான காரியமல்ல. அவர் அதைச் செய்துகாட்டினார்.

அவர் மனைவியின் நிலை வேறு. படம் எடுத்த நாட்களிலெல்லாம் அவள் அடுப்படியில் இருந்தாள். எந்தக் கேசட்டிலும் அவள் முகம் கிடையாது, உள்ளிருந்து வரும் குரல் மட்டும் உண்டு. "அவளை விடுங்க, வந்து சாப்பிடட்டும்." ஆகவே மகள் அவளைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அந்த அம்மாள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மகளின் கண் அவள் தோளுக்கு மேலாக, நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரிடமே இருந்தது. கட்டிப்பிடித்தபோது, பழைய டிவிக் கண்ணாடியைத் தொட்டால் வருமே, அந்தச் சடசடப்பு வந்தது. கை ரோமம் சிலிர்த்து நின்றது. சதை தட்டுப்படவில்லை. அப்படியும் அவள் தினமும் கட்டிப்பிடித்தாள்.

மத்தியானப் போன்கள் நின்றுபோயிருந்தன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாளே கூப்பிட்டாள். மகள்தான் எடுத்தாள், மரியாதையாகப் பேசினாள். "எந்த அம்மா? எங்க அம்மாவா? எனக்கு அம்மா கிடையாதுங்க. நீங்க நம்பரைச் சரியா பார்த்துப் போடுங்கம்மா, பாவம், யாரையோ தேடறீங்க" என்றாள். அவளுக்கு வாய்ப்பாடு நினைவிருந்தது, சொல்லிக்கொடுத்தவர் நினைவில்லை. கண்ணாடி போட்டிருந்தாள், வாங்கிக்கொடுத்தது யாரென்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு வீடே இருக்கவில்லை. விரல் தூக்கிய இடங்கள் அவளிடமிருந்தும் போயிருந்தன. அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தவையும், ஒரு நூலை இழுத்தால் துணி பிரிவதுபோல, சேர்ந்தே போயிருந்தன.

அந்த அம்மாள் நேராக ரீவைண்டின் மாடிக்குப் போனாள். என்ன நடந்ததென்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. வழியிருக்கிறதா என்று கேட்டாள். ரீவைண்ட் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். அதே கேமராவில், அதே கையால், வீட்டில் நிற்பவளை மறுபடி நாடாவில் பிடித்தால் ஒருவேளை திரும்பலாம் என்றார். அதையும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும், கேமராவும் சாகும், நாடாவும் சாகும். அவள் வீட்டுக்கு வந்து பரணிலிருந்து கேமராவை இறக்கி, துடைத்து, கணவனின் மடியில் வைத்தாள். "ஒரே ஒரு தடவை எடுங்க. நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். பேச வேணாம். கையில பிடிச்சா போதும்." பல் டாக்டர் வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அவர் கேமராவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். டிஸ்க் போடப்பட்டது. ஃபிரிட்ஜ் வந்தது. பல் டாக்டர் பண்பான மனிதர், ஃபிரிட்ஜை முழுக்கப் பார்த்தார். "நல்ல கம்பெனி. இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றான் மகன். பிறகு ஷூக்கள் வந்தன, முதுகு வந்தது. மாப்பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டாரா என்று பல் டாக்டர் சிரித்தார். அந்த நேரத்துக்கு ஒன்பது வயதாகியிருந்த மகள் டிவிக்கு முன்னால் வந்து, தராசுக்காரரைப் பார்த்து, ஒற்றைக் காலில் நின்றாள். "அப்பா, விழாம நிக்கறேன், எண்ணுங்க. அப்பா, எண்ணுங்கன்னு சொன்னேன்ல."

பல் டாக்டரின் மனைவி குனிந்து அவளைப் பார்த்தாள். "யாருங்க இந்தப் பொண்ணு? உங்களை அப்பாங்குது?"

அம்மாள் பலகாரத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். மகன் தரையைப் பார்த்தான். கடைத்தெருவில் முப்பது வருடம் ஒரு குன்றிமணிப் பொய்யைக்கூட விடாமல் பிடித்தவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "பக்கத்து வீட்டுப் பொண்ணு. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும்" என்றார்.

"அப்பா, விழப்போறேன்" என்றாள் மகள். விழுந்தாள். கேசட்டில் இருந்தபடியே சிரித்துக்கொண்டு எழுந்தாள்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. தராசுக்காரர் வீட்டுப் பெயருக்கு ஒரு கீறல் விழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நல்ல குடும்பம் என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். மகன் வேலை மாற்றிக்கொண்டு மனைவியோடு வேறு நகரத்துக்குக் குடிபோனான். மாசத்துக்கு ஒருமுறை வந்தவன் வருடத்துக்கு ஒருமுறை வந்தான். வந்தாலும் அந்தக் கூடத்தில் உட்கார அவனால் முடியவில்லை. அம்மாள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கணவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை இல்லை, முகம் திருப்பல் இல்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது, சட்டை தேய்த்து வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வீட்டில் கேட்ட ஒரே பேச்சு மகளுடையது. அதில் அந்த அம்மாளின் பழைய குரலும் சில சமயம் உள்ளிருந்து கேட்டது. "அவளை விடுங்க, வந்து சாப்பிடட்டும்" என்று. அதைக் கேட்கும்போது அவள் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, வேறு யாரோ ஒரு பாக்கியசாலியின் குரலைக் கேட்பதுபோல் நிற்பாள்.

நான்காம் வருடம் அந்த அம்மாள் இறந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சொந்தங்கள் வந்து குவிந்தன. அந்த நேரத்துக்கு மகள் ஏழு வயதில், பிறந்தநாள் கவுனில், தலைமாட்டில் நின்று கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை. முப்பத்தைந்து வயதுக்காரி வரவில்லை. அவள் கணவன் மட்டும் வந்து, வாசலோரமாக, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எல்லோரும் போனபிறகு தராசுக்காரரின் எதிரில் வந்து, "சொல்லிப் பார்த்தேன் மாமா. யாரோ ஒரு அம்மா செத்ததுக்கு நான் ஏன் வரணும்னு கேட்டா. கேக்கறதுல தப்பில்லையே" என்றான். அவர் மாமா என்ற சொல்லை அன்று மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் கேமராவைக் கையில் எடுத்தார். எப்போது என்று யாருக்கும் தெரியாது, அவர் சொல்லவுமில்லை. ரீவைண்டின் மாடிக்கு அவர் ஒரு கேசட்டோடு ஏறி வந்ததைத் தையல் வகுப்புப் பெண்கள் பார்த்தார்கள். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நாள் முழுக்க, நான்கு வயதிலிருந்து பதினேழு வரை, பின்னாலேயே போய் எடுத்திருந்தார். வெகுநாள் கழித்துக் கேமராவைப் பார்த்ததும் அவள் முகம் நேராக அதற்குள் வந்து பொருந்தியது என்றும், ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொன்னார் என்றும் பிறகு தெரிந்தது. ரீவைண்ட் கேசட்டைப் போட்டார். வெறும் கறுப்பு. பழைய நாடா, காந்தம் போய்விட்டது, இனி புதிது யாரும் செய்வதுமில்லை என்றார். கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். படம் இல்லை, அவள் குரலும் இல்லை. ஒரு கிழவரின் மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவே ஓரிடத்தில் அந்த மூச்சு, "பார்க்கறேம்மா" என்றது.

அடுத்த வாரம் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

மளிகைக் கடை ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்தது. கணவன் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். இறங்கி வந்து, "இப்பவாவது வழி தெரிஞ்சுதே" என்றான். பிறகு அப்படிச் சொன்னதற்காக வருந்தியவன்போல் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "உங்க பேச்சை எடுத்தாலே கதை விடறேன்னு சிரிக்கறா மாமா. நீங்களே சொல்லிப் பாருங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சரக்கு இறக்கப் போவதாகப் பின்பக்கம் போய்விட்டான்.

அவள் பருப்பு மூட்டையைக் கட்டிவிட்டுத் திரும்பினாள். தலையில் அங்கங்கே நரை. அவளை இந்த வயதில் அவர் பார்த்ததில்லை. அவருடைய மகளுக்குப் பதினேழுக்கு மேல் ஏறாது.

"என்ன வேணுங்க பெரியவரே?"

"நான்தாம்மா உன் அப்பா" என்றார் அவர். எழுபது வயதில், பொதுவெளியில், முன்பின் தெரியாதவர்கள் காதில் விழும்படி சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. வயதானவர்களிடம் பேசும் பொறுமையோடு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு அப்பா கிடையாதுங்களே. இருந்திருந்தா ஞாபகம் இருக்கும்ல?" என்றாள்.

அவள் இடது முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. அவர் அதைக் காட்டி, அது எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டார். தெரியவில்லை, தானும் பல நாள் யோசித்திருப்பதாகச் சொன்னாள். அவர் சொன்னார். வீட்டுப் பின்னால் சரளைக்கல் பாதை இருந்ததை, இரண்டு சக்கர சைக்கிளை அவள் முதல்முதலாக ஓட்டியதை, பின்னால் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தான் பிடியை விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்ததை, அவள் திரும்பிப் பார்த்து, பிடிக்காததைக் கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே விழுந்ததை. ரத்தத்தோடு எழுந்து வந்து, ஏன் விட்டீங்க என்று அவள் கேட்டதை. இதற்கும் தான் விரல் தூக்கியதை மட்டும் அவர் சொல்லவில்லை. மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சிறுமி பையோடு அவள்மேல் சாய்ந்து, "யாரும்மா இது?" என்று கேட்டாள். "ஒரு தாத்தா. வழி தவறி வந்திருக்காங்க" என்றாள் அவள், அவர் பேச்சை இடைமறிக்காத குரலில்.

அவர் சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. யாருடைய குழந்தையின் கதையாக இருந்தாலும் கலங்கும் கண் அது. தழும்பின்மேல் அவள் கை கூடப் போகவில்லை. "நல்லா சொல்றீங்க. அந்தப் பொண்ணு மேல ரொம்பப் பிரியம் போல" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவ இப்போ எங்க இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்லதாம்மா இருக்கா."

"தனியாவா விட்டுட்டு வந்தீங்க? என்ன வயசு?"

"காலையில நாலு. சாயங்காலம் ஆனா பதினேழு ஆயிடும்."

அவள் சிறுமியின் தலையைக் கோதியபடி, "பிள்ளைங்க அப்படித்தான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வளர்ந்துடுது" என்றாள். பிறகு, பெண் பிள்ளையை அதிக நேரம் காக்க வைக்காதீர்கள், மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது தாமதமாகும் என்று சொல்லி, வாசல்வரை வந்து, பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கையைக் காட்டினாள். தராசுக்காரர் அவளுக்கு நன்றி சொன்னார். வீடு போய்ச் சேரும்போது மகளுக்குப் பதினாறு முடிந்திருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டபடி அவள் காட்டிய பக்கம் நடந்தார்.